வெயிலுமுத்துவின் வலது கை

வெயிலுமுத்துவுக்குக் கோபம் வலது கையில் இருந்தது. மூளைக்குச் சேதி போவதற்குள் கை வேலையை முடித்துவிடும். தாராவியில் அந்தக் கையால் அடி வாங்காதவர் எழுந்திருங்கள் என்றால் நான் உட்கார்ந்தே இருப்பேன். என் மேல்வரிசைப் பல் ஒன்று அவனால் போனது. நான் நம்பிராஜன், அவனுக்கு அடுத்த வீட்டுக்காரன், அவனைப் போலவே லாரி ஓட்டியவன். செத்துப்போனவனைப் பற்றிப் பொய் சொல்ல எனக்குத் தேவையில்லை. அவனை நல்லவன் என்று சொல்ல வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள்.

நாங்குநேரிப் பக்கத்துக்காரன். பண்ணையாரின் காரியஸ்தனை மண்வெட்டிக் காம்பால் மண்டையில் போட்டுவிட்டு அன்றைக்கே ரயிலேறி பம்பாய் வந்தவன். தாராவித் தோல் ஷாப்பில் உப்புத் தோல் சுமந்தான். உப்பு அரித்துத் தோள் புண்ணாகும், அந்தப் புண்ணின் மேலேயே மறுநாளும் தோல் ஏறும். யுத்தத்தின்போது பட்டாளத்து டிப்போவில் சேர்ந்து லாரி ஓட்டக் கற்றுக்கொண்டான். யுத்தம் முடிந்து பட்டாளத்து லாரிகளை ஏலம் விட்டார்கள். ஊரில் அப்பன் விட்டுப்போன வயலை விற்று ஒன்றை வாங்கினான். அத்தோடு ஊரில் அவனுக்கு ஒன்றுமில்லை. பெண்டாட்டி பூமாரிக்கும் ஒரே மகளுக்கும் சோறு அந்த லாரியில்தான் வர வேண்டும்.

பூமாரியையும் அடிப்பான். குழம்பில் உப்பு கூடினாலும் அடி, லாரிக்கு லோடு கிடைக்காவிட்டாலும் அடி. "கழுதைக்கு வாக்கப்பட்டுட்டு உதைக்குப் பயந்தா முடியுமா அண்ணே" என்று வீங்கின உதட்டோடு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லாரி வாங்கிய வருஷமே இஞ்சின் படுத்துவிட்டது. செம்பூரில் ஒரு கம்பெனி இருந்தது. பெயர் வேண்டாம், முதலாளியின் பேரன்மார் சண்டைக்கு வருவார்கள். பழைய இஞ்சின்களைப் பிரித்துச் சீராக்கி, ஆறு மாதக் காரண்டியோடு பூட்டிக் கொடுப்பார்கள். ஒரே நிபந்தனைதான், கொஞ்ச காலத்துக்கு இஞ்சின் வேகமாக ஓடக் கூடாது. அதற்காகக் கார்புரேட்டருக்கு அடியில், கழற்றாமல் வெளியே தெரியாதபடி, பெட்ரோலைக் குறைக்கும் தகடு ஒன்றை வைத்து, அதன் போல்ட்டுகளில் மெல்லிய கம்பியைக் கோத்து, முனையில் ஈயக் குண்டை நசுக்கிச் சீல் போட்டிருந்தார்கள். தகட்டைக் கழற்றினால் காரண்டி போய்விடும்.

அந்த ஆயுத பூஜைக்குப் பூமாரி லாரியைக் கழுவினாள். பானெட்டைத் திறந்து இஞ்சினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஊர்க்கண் படாமலிருக்க முன்பக்கம் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிட்டாள். "போன தடவ மாதிரி குலுக்கல்ல அறுந்து விழாது அண்ணே, பாருங்க" என்று என்னிடம் பெருமையாகக் காட்டினாள். நானும் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

சில வாரம் கழித்து, கல்யாண் பக்கத்திலிருந்து உப்புத் தோல் ஏற்றிக்கொண்டு அவன் முன்னால் வந்தான், நான் என் லாரியில் பின்னால் வந்தேன். சயான் மேட்டில் ஏறும்போது குண்டு போட்டதுபோலச் சத்தம். உள்ளே ராடு முறிந்து இஞ்சினின் பக்கச் சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கொதிக்கிற ஆயில் அவன் காலில் கொட்டியது. லாரி பின்னால் உருண்டது. நான் ஒடித்துத் தப்பினேன், ஓரமாய் வந்த மாட்டுவண்டி தப்பவில்லை. ஒரு மாடு சக்கரத்தில் நசுங்கி, குடல் சரிந்து, கத்தக்கூட முடியாமல் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. வெயிலுமுத்து குதித்தான். பாதத்தில் தோல் உரிந்து தொங்குகிறது. இறங்கியதும் செய்த முதல் வேலை, மாட்டைக் கட்டிக்கொண்டு அழுத வண்டிக்காரனை அறைந்ததுதான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவனுக்கு அந்த மட்டும் கிடையாது.

லாரியைச் செம்பூருக்குக் கட்டி இழுத்துப் போனோம். காரண்டி விவகாரமெல்லாம் சந்திரமௌலி என்கிற மேனேஜர் கையில் இருந்தது. மாட்டுங்காக்காரர், பாலக்காட்டு ஐயர், நெற்றியில் விபூதி, வேட்டிக்கு மேல் கோட்டு. பானெட்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சீலைக் காணோம். தகட்டைக் கழட்டிட்டு வேகமா ஓட்டியிருக்கே. அப்புறம் வெடிக்காம என்ன பண்ணும்? காரண்டி கிடையாது."

"நான் தொடவே இல்ல சாமி!"

"நீ தொடலைன்னா பின்னே யார் தொட்டா?"

அந்தக் கேள்விதான் வினை. இஞ்சின் பூட்டிய பிறகு பானெட்டைத் திறந்த வெளியாள் ஒருவன்தான். ஆயில் மாற்றிய கம்பெனி பிட்டர் சிராஜ். மேலப்பாளையத்துக்காரன், தாராவியில் எங்கள் பக்கத்துச் சந்து, எங்களோடு டீ குடிக்கிறவன். பத்தடி தள்ளி மேஜையில் ஏதோ ராவிக்கொண்டிருந்தான். வெயிலுமுத்து, முன்னால் செருகிச் சுற்றி லாரியை ஸ்டார்ட் பண்ணுகிற இரும்பு ஹேண்டிலை எடுத்துக்கொண்டு போனான். "ஏல, நீதானல அறுத்த?" என்று கேட்டான். பதிலுக்கு நிற்கவில்லை. ஹேண்டில் மேஜை மேலிருந்த சிராஜின் வலது கையில் இறங்கியது. இரண்டு விரல் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த அடி வாயில்.

ஒர்க்‌ஷாப்பே திரண்டு அவன் மேல் விழுந்தது. விலக்கப்போன எனக்கும் முதுகில் நாலு. பம்பாயில் அப்போது இந்துவும் முசல்மானும் சந்துக்குச் சந்து குத்திக்கொண்டு செத்த நேரம். இந்தச் சேதி கேட்டைத் தாண்டினால் அன்று பொழுது சாயும் முன் தாராவியில் எத்தனை பிணம் விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சந்திரமௌலி ஓடிப்போய்க் கேட்டைச் சாத்தினார். சிராஜ்தான் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான். "இது திருநவேலிச் சண்ட. வெளிய ஒருத்தனும் வாயத் தெறக்கக் கூடாது."

நாலு பேர் மேலே உட்கார்ந்திருக்க, வெயிலுமுத்து மண்ணில் கிடந்து கத்தினான். "சூடத்தக் கொளுத்துங்க! அணைச்சு சத்தியம் பண்ணுதேன்!"

எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து ஒருவன் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பொய்ச் சத்தியமானால் பிள்ளையைத் தின்றுவிடும். சந்திரமௌலிக்கும் அது தெரியும். பொய்யனானால் பயந்து வரமாட்டான், தொல்லை விட்டது என்று கணக்குப் போட்டிருப்பார். "வெள்ளிக்கிழமை வா. சத்தியம் பண்ணினா வேற இஞ்சின் குடுக்கச் சொல்லிக் கம்பெனித் துரைகிட்ட நானே சொல்றேன். இல்லேன்னா இந்த லாரிப் பிணத்தை இழுத்துண்டு போயிடணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பூமாரி சூடத்தட்டோடு வந்தாள். நானும் போனேன். சிராஜ் வந்திருந்தான், கையில் பெரிய கட்டு, கிழிந்த உதட்டில் தையல். "எப்படிச் சத்தியம் பண்ணுதான்னு பாக்கத்தான் வந்தேன் வே" என்றான் என்னிடம். லாரியின் முன்பக்கப் பம்பர் மேல் தட்டை வைத்துச் சூடம் ஏற்றினார்கள். சந்திரமௌலி புதுச் சீல் ஒன்றைக் கொண்டுவந்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

"இதான் சீல். இதை நானோ என்னைச் சேர்ந்தவாளோ தொடலைன்னு சொல்லி அணை."

அதுவரை சீல் என்றால் தபாலாபீஸ் அரக்கு என்று நினைத்திருந்தாள் பூமாரி. அவர் கையில் மெல்லிய கம்பியையும் ஈயக் குண்டையும் பார்த்தாள். பிறகு லாரியின் முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். பழம் கறுத்துச் சூம்பி, மிளகாய் வற்றிப் போயிருந்தது. அதைக் கோத்திருந்த கம்பியின் முனையில் அதே ஈயக் குண்டு.

அவள் முகத்தைக் கண்டு நானும் அங்கே பார்த்தேன்.  அவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் இஞ்சின் கிடைக்கும், ஆனால் சத்தியம் மகள் தலையில் விழும். வாயைத் திறந்தால் இஞ்சின் போய்விடும், அவன் கையிலிருந்து அவளும் தப்ப மாட்டாள்.

"என் கையும் எங்க வீட்டுக் கையும் இதுல..." என்று வெயிலுமுத்து உள்ளங்கையை நீட்டினான். பூமாரி பாய்ந்து மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க! நாந்தான் அறுத்தேன். எலுமிச்சம்பழம் கட்ட நூலு நிக்கலன்னு, அரிவாளக் குடுத்து அந்தக் கம்பிய அறுத்தேன். சும்மா சுத்திக் கெடக்குன்னு நெனச்சிட்டேன்."

அவள் முடிப்பதற்குள் முஷ்டி முகத்தில் இறங்கியது. மட்கார்டில் மோதி விழுந்தாள். அவன் ஹேண்டிலைத் தூக்கிவிட்டான். நாங்கள் ஆறு பேர் தொங்கித்தான் அவனை நிறுத்த முடிந்தது. கீழே கிடந்தபடியே, வாய் நிறைய ரத்தத்தோடு, அவள் மேனேஜரைப் பார்த்துப் பேசினாள்.

"அவுக என்னக் கொல்லட்டும். அதுக்கு முன்னால தகட்டப் பாத்துருங்க சாமி. கம்பியத்தான் எடுத்தேன். வேற ஒண்ணுலயும் என் கை படல. கம்பி அறுந்தா இஞ்சின் வெடிக்குமா?"

சந்திரமௌலி தட்டைப் பார்த்தார். சூடம் அவர் முன்னால் எரிந்துகொண்டிருந்தது.

"பகவானே. இதை எரியவிட்டுண்டு பார்க்க மாட்டேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? சிராஜ், கழட்டுடா."

சிராஜ் இடது கையால் கழற்றினான். வெகு நேரம் பிடித்தது. தகடு அங்கேயே இருந்தது. கம்பெனி பூட்டியபோது போல்ட்டுகளின் மேல் பூசிய சிவப்புப் பெயின்ட் ஆயில் அழுக்குக்கு அடியில் அன்றுவரை விரிசல்கூட விடாமல் இருந்திருக்கிறது, சிராஜின் ஸ்பானர் பட்டுத்தான் அது உடைந்து உதிர்ந்தது. "ஒருத்தனும் தொடல சார். நம்ம இஞ்சின்தான் சொத்த" என்றான்.

"தப்பு எங்களோடதுதான். வேற இஞ்சின் வரும்" என்று சொல்லி, சந்திரமௌலி தன் உள்ளங்கையாலேயே சூடத்தை அணைத்தார். சுட்டதில் "அம்மா" என்று கையை உதறினார். நான் சிரித்துவிட்டேன். சந்தோஷத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

வெயிலுமுத்து சிரிக்கவில்லை. சிராஜின் கைக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அந்த மேஜைக்குப் போய், தன் வலது கையை அதன் மேல் விரித்து வைத்து, ஹேண்டிலைச் சிராஜிடம் நீட்டினான்.

"அடி."

"போவே அங்கிட்டு."

"அடில! இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது."

சிராஜ் பூமாரியைப் பார்த்தான். ஒரு கண் முழுக்க மூடி வீங்கியிருந்தது. அவள் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

"அடிங்க அண்ணே" என்றாள்.

சிராஜ் இடது கையால் ஓங்கி அடித்தான். இரண்டு விரல் நொறுங்கிற்று. வெயிலுமுத்துவின் அலறலில் கூரை மேலிருந்த காக்காய்கள் பறந்தன.

புது இஞ்சின் பூட்டியதும் லாரியைத் தாராவிக்கு நான்தான் ஓட்டி வந்தேன். இருந்த டிரைவருக்கும் பிட்டருக்கும் ஆளுக்கு ஒரு கைதான். வழி நெடுக இரண்டு பேரும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தார்கள். கை சரியில்லை என்று கம்பெனி சிராஜை நிறுத்தியபோது, வெயிலுமுத்து அவன் வீட்டு வாசலில் போய் நின்று, "லாரியில பாதி ஒனக்கு, வாரியா வரலியா?" என்று சண்டை பிடிப்பதுபோலக் கேட்டான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் கடைசிவரை வரவில்லை.

வெயிலுமுத்துவின் அந்த இரண்டு விரலும் மடங்காமல் நின்றுவிட்டன. ஸ்டீரிங் பிடிக்க முடிந்தது, முஷ்டி பிடிக்க முடியவில்லை. கோபம் மட்டும் குறையவே இல்லை. கை ஓங்கும், அந்த இரண்டு விரலும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், அவனே ஒரு நிமிஷம் அதைப் பார்ப்பான், பிறகு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போய்விடுவான்.

போன மாதம் செத்துப்போனான். குளிப்பாட்டிக் கையைச் சேர்த்துக் கட்டும்போது அந்த இரண்டு விரல் மட்டும் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் அமுக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை. பூமாரி என் கையை விலக்கிவிட்டு, அந்த விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிராஜைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க ஓங்கி அடிச்சீங்க பாருங்க அண்ணே, அதுலதான் நான் பொழச்சுக் கெடக்கேன்."

சிராஜ் தன் வலது கையைத் தோள்துண்டுக்குள் இழுத்துக்கொண்டான்.