அரசன் அழுத ஊரின் உப்பு

அந்த உப்பு ஒருநாளும் காய்ந்திருந்ததில்லை. ஒலிவ் காய் வந்த பழைய கண்ணாடிப் போத்தலுக்குள் கையை விட்டால் விரல்நுனியில் குளிர்ந்து ஒட்டும். முகர்ந்தால் துறைமுகக் காற்றின் மணம் வரும். உலையில் போட்டால் சிறு கற்கள் விழுவதுபோலச் சத்தம் கேட்கும். பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில், மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்த இரண்டு அறை வீட்டுக் குசினியில் அந்தப் போத்தல் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றது. அதை ‘சிஞ்ஞோரா உப்பு’ என்போம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது. அம்மா பொலிதேயாமா அரங்குப் பக்கத்தில் சிஞ்ஞோரா பீனா என்ற இத்தாலிய அம்மாளின் வீட்டில் வேலை செய்தார். அந்தச் சிஞ்ஞோரா திராப்பனியில் பிறந்தவர். பலெர்மோவுக்கு மேற்கே, கடலோரத்தில் வயல்போலப் பாத்தி கட்டி உப்பு விளைவிக்கும் சிறிய ஊர் அது. அங்கே உப்பளத்தில் வேலை செய்த அவருடைய தம்பி வரும்போதெல்லாம் துணிப்பையில் உப்புக் கொண்டுவருவார். அதில் ஒரு பங்கு எங்களுக்கு வரும்.

எங்கள் வீட்டில் இல்லாத ஒருவன் என் தம்பி கண்ணன். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். கைக்குழந்தையோடு அந்தப் பயணம் சரிவராது என்று எல்லோரும் சொன்னதால், அவனைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ‘பெர்மெஸ்ஸோ’ கிடைத்தவுடன் கூப்பிடலாம் என்றார்கள். அந்த வதிவிடப் பத்திரம் கிடைப்பதற்குள் அங்கே சண்டை முற்றி, ஊர்ச்சனம் முழுவதும் வீடுகளை விட்டு வெளிக்கிட்டுவிட்டது.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மா என்னையும் வேலைக்குக் கூட்டிப்போவார். அவருடைய இத்தாலிய மொழி வேலைக்குக் காணும், கதை கேட்கக் காணாது. அதனால் சிஞ்ஞோரா சொல்வதை நான்தான் தமிழில் சொல்லுவேன். ஒருநாள், போஞ்சிக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது, தன் சின்ன ஊருக்கு ஒருகாலத்தில் இங்கிலாந்து அரசனே வந்தான் என்று சிஞ்ஞோரா பெருமையடித்தார்.

“உவ சும்மா அளக்கிறா,” என்றார் அம்மா என்னிடம். “இங்கிலாந்து ராசாவுக்கு உப்புக்கு இஞ்சை வரவேண்டிய தேவை என்ன?”

சிஞ்ஞோரா விடவில்லை. எட்வேர்ட் என்று பெயராம். அப்போது அவன் இளவரசன். சிலுவைப் போருக்குப் போகையில் மனைவியையும் கூட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளை உறவினரிடம் விட்டுவிட்டுப் போனானாம். திரும்பி வரும் வழியில் திராப்பனியில் கரை இறங்கினானாம். அங்கேதான் செய்தி வந்ததாம்: விட்டுவிட்டுப் போன மூத்த மகனும் செத்துப்போனான், தகப்பனும் செத்துப்போனார், இனி நீதான் அரசன். மகனுக்கு அமைதியாக இருந்தவன் தகப்பனுக்கு விழுந்து விழுந்து அழுதானாம். ஏன் என்று கேட்டதற்கு, பிள்ளையை ஆண்டவன் திரும்பத் தருவார், தகப்பனைத் தரமாட்டார் என்றானாம்.

செய்தி வந்தது திராப்பனியிலா, சிசிலியில் வேறெங்காவதா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஆனால் நான் சொல்லி முடித்தபோது அம்மாவின் கை போஞ்சியில் அப்படியே நின்றுவிட்டது நிச்சயம். “அவனெல்லாம் ஒரு தேப்பனே?” என்றார்.

அடுத்த கிழமை அடுப்படியில் போத்தலைக் காணவில்லை. போர்கோ வெக்கியோச் சந்தையில் வாங்கிய தூள் உப்புப் பெட்டி அந்த இடத்தில் இருந்தது. கேட்டபோது, “அந்த உப்புக் கசக்குது,” என்றார் அம்மா. அது கசக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் திருடித் தின்கிற உப்பு அது. அன்றைக்கு எனக்குள் ஒரு சந்தேகம் புகுந்தது. தம்பியைப் பற்றி அம்மாவுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்கு மறைக்கிறார் என்று எண்ணினேன்.

அதன்பிறகு நான் வீட்டையே வேவு பார்த்தேன். அப்பா குரலைத் தாழ்த்தினால் கதவுக்குப் பின்னால் நின்றேன். “உவளை குவெஸ்தூராவிலை வேலைக்குச் சேர்க்கலாம், பொலிஸ்காரருக்கு வேலை மிச்சம்,” என்று அப்பா பகிடி விடுவார். கீழ் மாடி மேரி அன்ரி வந்தால், “பிள்ளை நிக்குது,” என்று சொல்லிவிட்டுத்தான் அம்மாவுடன் கதைப்பார். அவர் மன்னாரைச் சேர்ந்தவர். அவருடைய வீட்டுத் தொலைபேசிக்குத்தான் எங்கள் கட்டடத்துத் தமிழர் எல்லோருக்கும் அழைப்பு வரும். யாரும் அந்தத் தொலைபேசியில் ஒரேயடியாகச் சாவதில்லை. முதலில் ‘கொஞ்சம் சுகமில்லை’, பிறகு ‘கடுமை’, கடைசியில்தான் ‘மோசம் போயிட்டார்’.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழும்பிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் தொலைபேசி எடுத்தார். கீழே போன அப்பா திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே இருந்துவிட்டார். பின்னால் மேரி அன்ரியும் வந்தார். “அப்பப்பாவுக்குக் கடுமையாம்,” என்றார் அம்மா என்னிடம். ஆனால் அப்பா துவாயால் முகத்தை மூடிக்கொண்டு “ஐயா, ஐயா” என்று குழறினார்.

நான் அந்த அழுகையை அளந்துகொண்டிருந்தேன். சிஞ்ஞோராவின் அரசன் தகப்பனுக்குத்தான் சத்தமாக அழுதான். ஆகவே இது அப்பப்பாதான், தம்பியில்லை என்று மனம் கொஞ்சம் ஆறியது. பிறகு குசினிக்குள் பார்த்தேன். அம்மா அழவேயில்லை. கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த அமைதி யாருக்கு?

“அம்மா, தம்பி இருக்கிறானோ?” என்று கேட்டேன்.

அப்பாவின் அழுகை நின்றது. “வாயைப் பொத்து பிள்ளை, என்ன கதை கதைக்கிறாய்?” என்று மேரி அன்ரி அதட்டினார்.

“அவளைப் பேசாதேங்கோ அக்கா,” என்றார் அம்மா. “எனக்கே தெரியாது. சனம் வெளிக்கிட்ட நாளிலை இருந்து பெரியம்மான்ரை ஆக்களைக் கண்ட ஒருத்தரும் இல்லை. சுகம், சுகம் எண்டு சொல்லினம். ஐயாவையும் போன கிழமை வரைக்கும் சுகம் எண்டுதானே சொன்னவை? அந்த உப்பைத் தொட்டாலே அந்த ராசான்ரை கதைதான் வருது.”

நான் நினைத்ததுபோல அம்மா ஒரு சாவை மறைக்கவில்லை. தனக்கு ஒன்றுமே தெரியாது என்பதைத்தான் மறைத்திருக்கிறார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்றே கீழே இறங்கி, கொழும்புக்கு எடுத்து, அம்மா சொன்னார்: “அண்ணை, இனி எனக்குச் சுகம் எண்டு சொல்லவேண்டாம். பிள்ளையின்ரை குரலைக் கேட்கவேணும்.”

குளிர்காலம் முழுவதும் குரல் வரவில்லை. வெயில் திரும்பிய பிறகு ஒருநாள் மேரி அன்ரி மாடிப்படியில் நின்று கத்தினார். பெரியம்மா வவுனியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டார், பிள்ளையும் பக்கத்தில் நிற்கிறான் என்றார். நாங்கள் மூவரும் ரிசீவரைச் சுற்றிக் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

“கண்ணன், அம்மா கதைக்கிறன்.”

இரைச்சல் மட்டும் கேட்டது. “கதையடா,” என்று பெரியம்மா தூரத்தில் கெஞ்சினார். பிறகு ஒரு சின்னக் குரல், கொஞ்சம் கோபமாகக் கேட்டது: “நீங்கள் ஆர்?”

மேரி அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவோ சிரித்தார், நான் அதற்குமுன் கேட்டிராத பெரிய சிரிப்பு. “அவன்தான்! வேறை பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்திருந்தால், அம்மா எண்டு சொல்லப் பழக்கியல்லோ விட்டிருப்பினம்!” என்றபடி நிலத்தில் இருந்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுபடி வேலைக்குப் போனபோது, சிஞ்ஞோராவிடம் அம்மா தானாகவே உப்புக் கேட்டார். “உங்கடை ராசா பிழையாச் சொன்னவர் எண்டு சொல்லு,” என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். சிஞ்ஞோரா கையை விரித்தார். அவன் இங்கிலாந்துக்காரன், எங்கள் ஊரான் இல்லை என்றார்.

தம்பி பிறகு வந்து சேர்ந்தான். இப்போது அவன் அந்த அரசனின் நாட்டிலேயே வேலை செய்கிறான். சிஞ்ஞோரா இல்லை, அவருடைய வீடு சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகிறது. மேரி அன்ரியின் தொலைபேசி இருந்த சுவரில் நான்கு ஆணித் துளைகள்தான் மிச்சம். திராப்பனி உப்பை இப்போது கடையில் அழகான பெட்டியில் வாங்குகிறேன். அது காய்ந்து, மணமில்லாமல் கொட்டுகிறது.

என் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் நான் வேலைக்குப் போகிறேன். இந்தச் சின்னத் தூரத்துக்கு இப்படிப் பதறுவது சரியில்லை என்று எனக்கே தெரியும்; அப்படியும் மத்தியானம் போன் எடுத்துவிடுவேன். “சாப்பிட்டவள், நித்திரை,” என்பார் அம்மா. பிறகு நான் கேட்காமலே போனைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் மூக்கடியில் பிடிப்பார். அந்த மூச்சைக் கேட்ட பிறகுதான் வைப்பேன்.