நிலைபேறான ஒரு பேரிக்கன்று

போன வாரம் தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் தட்டில் யாரோ லீக்ஸ் மூட்டையைத் திணித்திருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஈரமண் கொஞ்சம் கொஞ்சமாக என் வழுக்கையில் உதிர்ந்தது. துடைத்துவிட்டு விரலை மோந்து பார்த்தேன். பக்கத்திலிருந்த அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். மண்ணை மோந்து பார்க்க எனக்கு ஒரு காலத்தில் சம்பளம் கொடுத்தார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வெளிக்கள உத்தியோகத்தர் என்று பதவிக்குப் பெயர். வேலை கொடுத்த தொண்டு நிறுவனம் எப்போதோ மூடிவிட்டது. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களுக்குச் சாணியும் தழையும் மக்கிய சேதனப் பசளையால் மரக்கறி போடப் பழக்கவேண்டும், கொழுந்துச் சம்பளத்தையே நம்பி இராதபடி செய்யவேண்டும், அதுதான் திட்டம். நானோ டவுனில் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவன். முதல் நாளே புதுச் சப்பாத்தோடு சாணிக்குழியில் முழங்கால்வரை இறங்கினேன். லயமே சிரித்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் அந்நியனாக நடத்தவில்லை.

லயத்துக்குக் கீழே தேயிலை செத்து மானாப்புல் மண்டிய சரிவு ஒன்று கிடந்தது. அதைப் பயன்படுத்தலாம் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வாய்வார்த்தையாகச் சொன்னார். காய்கறி போடலாம், மரம் வைக்கக்கூடாது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இதை எவரும் எழுதி ஒட்டுவதில்லை, எல்லாருக்கும் தெரியும். கோவாவும் கரட்டும் பிடுங்கினால் போய்விடும். மரம் வைத்தவன் நாளைக்கு இடம் என்னுடையது என்று நிற்பான் என்பது தோட்டத்தின் பயம்.

அந்தச் சரிவில் மற்றவர்கள் ஒரு பங்கு உழைத்தால் சரோஜா அக்கா இரண்டு பங்கு உழைத்தார். கொழுந்தெடுத்துவிட்டு வரும்போதே பாதையோரத்துக் காட்டுச் சூரியகாந்தித் தழையைச் சாக்கில் அறுத்துக்கொண்டு வருவார். சாணியோடு அது ஊறும்போது எழும் வாடை இருக்கிறதே, சோறு இறங்காது. எனக்கு அது பிடித்துப்போனது. அவருடைய வீட்டுக்காரர் முனியாண்டி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துபோவார்.

“அந்த மனுசன இங்கயே கொண்டாந்து ஒக்கார வைக்கணும் சேர். அதுக்குத்தான் இந்த மண்ணப் போட்டு கிண்டுறேன்,” என்பார் அக்கா.

மண் கறுத்தது. கைவிட்டுக் கிளறினால் மண்புழு நெளிந்தது. ஒரு பொங்கலுக்கு வந்த முனியாண்டி திரும்பிப் போகவில்லை. “தேங்கா துருவுன கை சேர், மம்பட்டி புடிக்க வெக்கப்படுது,” என்று சொல்லிக்கொண்டே பாத்தி கட்டினார். மாலையில் இருவரும் போஞ்சிப் பந்தலடியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் எங்கள் திட்டத்தின் பெயர்ப்பலகை வந்தது. கொழும்பிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து திறந்துவைத்தார். மூன்று மொழியிலும் எழுத்து. தமிழில் ‘நிலைபேறான விவசாயம்’.

“நெலபேறானன்னா என்னாங்க சேர்?” என்று அக்கா அவரையே கேட்டார்.

“எப்பவும் நிலைச்சு நிக்கிறது அம்மா. உங்க பிள்ளைகளுக்கும் பிறகும் இருக்கும்,” என்றார் அவர். சொல்லுக்கு அர்த்தம் சொன்னார். அக்காவுக்கு அது உறுதிமொழியாகக் கேட்டது.

அடுத்த வாரம் நான் போனபோது பலகைக்குப் பக்கத்தில் ஒரு பேரிக்கன்று நின்றது. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“யாரு மரம் வச்சது?”

“நான்தாங்க. எப்பவும் இருக்கும்னு போர்டுலயே போட்டிருக்குங்களே.”

“போர்டு தோட்டம் வச்சதா?”

அக்கா குனிந்து, தானே அந்தக் கன்றைப் பிடுங்கினார். அப்படியும் அடுத்த நாள் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற இடத்தில், சரிவை எல்லாரும் காலி பண்ணவேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். நான் துரையைப் பார்க்கப் போனேன். மரியாதையாகத் தேநீர் கொடுத்து, இடம் தோட்டத்துக்குத் தேவை என்று அனுப்பிவைத்தார். மரம் ஒரு சாக்கு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். புல் மண்டிக் கிடந்தவரை அந்தச் சரிவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மண் கறுத்த பிறகே கண்ணில் பட்டது. எனக்கு அந்த ஆத்திரம் ஆறவே இல்லை.

ஆனால் லயம் துரையைக் கோபிக்கவில்லை. “ஒத்த மரத்த வச்சி எல்லாரு வயித்துலயும் அடிச்சிட்டா,” என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அக்காவின் காதுபடச் சொன்னார்கள். நான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். முனியாண்டி மறுபடி கொழும்புக்குப் போனார். எங்கள் திட்டமும் அந்த வருடத்தோடு முடிந்தது.

பஸ்ஸில் மண் உதிர்ந்ததும் மனம் கேட்கவில்லை. மறுநாள் அங்கே போனேன். சரிவைச் சுற்றிக் கம்பிவேலி. வெளியூர் முதலாளி ஒருவர் குத்தகைக்கு எடுத்து லீக்ஸ் போட்டிருக்கிறார். பலகை இல்லை, பந்தல் இல்லை, மண் கரையாமலிருக்க நாங்கள் அடுக்கிய கல்வரிசைகளும் இல்லை. மண் வெளுத்து இறுகிக் கிடந்தது. களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்தார். முனியாண்டி.

“கொழும்புல ஒடம்புக்கு ஒத்துக்கல சேர். இங்க நாள் சம்பளத்துக்கு நிக்கிறேன்,” என்றார். “மருந்தடிச்சி அடிச்சி புழு பூச்சியெல்லாம் போச்சு.”

“அக்காவுக்கு இது தெரியுமா?”

“தெரியாது. அவ போட்ட மண்ணுல நான் கூலிக்கு நிக்கிறேன்னு எப்புடி சொல்றது? லயத்துல யாரும் அவகூட பேசுறதும் இல்ல, அதனால காதுக்குப் போகல.”

அப்போது அவருடைய போன் அடித்தது. குவைத்திலிருந்து, முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. அவர் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு அவசரமாக வேலியைத் தாண்டி, லயத்துக் கோயிலுக்குப் பின்புறம் போய், வெள்ளைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு போனைத் தூக்கினார்.

“ஆமா புள்ள, கடையிலதான் இருக்கேன்.”