மடுல்சீமையில் பவளம் தூங்கிய காலை

செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால். பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே பேக்கரியில் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, ஒரு வரிசை நின்றது. அந்தத் தட்டுப்பாட்டு ஆண்டுகளில் பதுளையில் எங்கே திரும்பினாலும் ஏதாவது ஒரு வரிசை நிற்கும். பதுளையிலிருந்து பசறை பன்னிரண்டு மைல். அங்கிருந்து மடுல்சீமை இன்னும் பதின்மூன்று மைல். மொத்தம் இருபத்தைந்து மைல் தூரத்தைக் கடக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

நான் மலைநாட்டுக்குக் கீழே, கீழ்நாட்டில், காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் ஆசிரியர். சின்னஞ்சிறு பிள்ளைகளின் வகுப்பு என்னுடையது. சொந்த ஊர் பதுளை. வாப்பாவுக்குக் கடைவீதியில் புடவைக் கடை. மனைவியும் மூன்று வயது மகளும் இங்கேதான் இருக்கிறார்கள். போன டிசம்பரில் மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருந்தகத்தைப் பார்க்கும் டிஸ்பென்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாலு வயதை நெருங்கும் ஒரு பெண் குழந்தை, பேச்சே வரவில்லை, காது கேட்கவில்லை என்று சந்தேகம், தாய் ஒப்புக்கொள்ள மறுக்கிறாள், ஒருமுறை வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார். டிசம்பரில் மழை, பாதை சரிந்து கிடந்தது. ஏப்ரல் விடுமுறையில் தங்கச்சியின் கல்யாணம். இரண்டும் உண்மைதான். ஆனாலும் வெறும் சாக்கு என்று எனக்கே தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வயதில் பேச்சைக் கொடுத்தால் ஒட்டிக்கொள்வது ஐந்து வயதில் கொடுத்தால் நழுவிவிடும். அதை வருகிற பெற்றோரிடமெல்லாம் அடித்துச் சொல்கிறவன் நான்தான்.

இப்போது ஆகஸ்ட் விடுமுறை. என் வகுப்பில் ஓர் இடம் காலியாகியிருந்தது. பள்ளி திறக்கும் திங்கட்கிழமை வரைக்கும் அதை வைத்திருப்பதாகத் தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு, காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

பசறையில் ஒரு மணி நேரம் காத்திருப்பு. முப்பது சதத்துக்கு ஒரு பிளேன்டீ. சீனி கேட்டால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மடுல்சீமை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு துணி வியாபாரி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“நீங்க புடவைக் கடை ஹாஜியார்ட மகன்தானே? மடுல்சீமைக்கு ஏறுறவங்க ஒண்டு விக்கப் போவாங்க, இல்லாட்டி கணக்கெடுக்கப் போவாங்க. நீங்க என்னத்துக்குப் போறீங்க?”

“காது கேக்காத புள்ளையொண்டு ஈக்கிதாம். பாக்கப் போறன், நானா” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்.

“காது கேக்காட்டி என்ன, இந்தக் காலத்துல கேக்காம ஈக்கிறதும் நல்லந்தான்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை வாப்பாவின் சுகத்துக்கு மாற்றினார்.

பாதையைப் பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். பஸ் ஒவ்வொரு வளைவிலும் நின்று, பின்னுக்கு வந்து, மறுபடியும் ஏறியது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயில். மேலே தேயிலை மலையில் காற்று மட்டும் பேய்த்தனமாக அடித்துக்கொண்டிருந்தது.

பகல் பதினொன்றரை. டிஸ்பென்சர் பாதையோரத்தில் குடையோடு நின்றார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் அவரை டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

“வருவியள் எண்டு நான் நம்பேல்லை, மாஸ்டர்” என்றார். குற்றம் சாட்டும் குரலே இல்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

நேரே பிள்ளைக்காம்பராவுக்குப் போனோம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் தகரக் கூரைக் கட்டிடம் அது. இருபது பிள்ளைகளுக்கு ஒரு ஆயா. தொங்கும் ஏணைகள், ஈரத் துணி வாடை, ஒரே அழுகை. சுவரோரம் ஒரு சிறுமி, தேய்ந்த செருப்பொன்றுக்குள் சிறு கற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் பவளம்.

“தங்கமான புள்ளைங்க சார். அழுக மாட்டா, அடம் புடிக்க மாட்டா. போட்ட எடத்துலயே கெடப்பா” என்றார் ஆயா. தொல்லை தராத பிள்ளை, அதனால் யாரும் திரும்பிப் பார்க்காத பிள்ளை.

பையிலிருந்து ஒரு சிறு மணியை எடுத்து, அவளுக்குப் பின்னால் நின்று ஆட்டினேன். சட்டென்று திரும்பினாள். ஆயாவின் முகம் மலர்ந்தது. ஆனால் எனக்கு விளங்கிவிட்டது. எதிரே இருந்த பிள்ளைகள் எல்லாரும் மணியைப் பார்த்தார்கள். அவள் அவர்களின் கண்களைப் பார்த்துத் திரும்பினாள். அவளை வெளியே தனியாகக் கூட்டிப்போய், நிழல் முன்னால் விழாத பக்கமாக நின்று மணி ஆட்டினேன், கை தட்டினேன், தகர டப்பாவைத் தட்டினேன். அவள் கல்லை அடுக்கிக்கொண்டே இருந்தாள். கூர்மையான பிள்ளை. காதில்லாத குறையை ஊரே கவனிக்காதபடி கண்ணாலேயே சமாளித்திருக்கிறாள்.

பிற்பகல் இரண்டு மணி. தாய் அஞ்சலை மலையிலிருந்து வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கணவன் கொஸ்லந்தப் பக்கம் பாதை வேலைக்குப் போனவன், மாதம் ஒருமுறை வருவானாம். நான் பார்த்ததைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. என் மேல் இரக்கப்படுவது மாதிரிப் பார்த்தாள்.

“இல்லீங்க சார். எம் புள்ளைக்குக் காது நல்லா கேக்குதுங்க. வெடியக்காலையில பெரட்டுக்குத் தப்படிச்சதும் டக்குனு முழிச்சுக்குவா. ஒரு நாள் தவறுனதில்லைங்க. பேச்சுத்தாங்க வரல. எங்க மாமனுக்கும் ஆறு வயசுலதான் பேச்சு வந்துச்சாம்.”

பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. அதற்கு முன் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களை எழுப்ப, லயத்துக் கோடியில் நின்று தப்பு என்ற பறையை அடிப்பார்கள். டிஸ்பென்சர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எட்டு மாதமாக அவரை மடக்கி வைத்திருந்த கேள்வி இதுதான். எனக்கும் தடுமாற்றம். பெரிய சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்கும் பிள்ளைகள் உண்டு. அப்படியானால் அது பெரிய நம்பிக்கை.

“அந்தத் தப்பை இப்பவே ஒருமுறை அடிச்சுப் பார்க்கலாமே” என்றேன்.

தப்பு அடிப்பவர் முனியாண்டியைக் கூப்பிட்டார்கள். நான் கேட்டது அவருக்கு விளங்கியதும் இரண்டடி பின்னால் போனார்.

“அது ஆகாதுங்க. நேரங்கெட்ட நேரத்துல தப்பு சத்தம் கேட்டா எழவுன்னுதாங்க நெனைப்பாங்க. மலையில நிக்கிற பொம்பளைங்க பூராம் கூடையப் போட்டுட்டு, யாரு வீட்டுல, யாரு வீட்டுலன்னு அலறிக்கிட்டு ஓடியாந்துருவாங்க. கேலி பண்ற சாமான் இல்லீங்க அது.”

அவர் சொன்னது சரி. மறுநாள் காலைவரை தங்குவது என்று முடிவாயிற்று. அஞ்சலையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: தப்பு அடித்து முடியும்வரை நீங்கள் எழுந்திருக்கக் கூடாது, கை காலைக்கூட அசைக்கக் கூடாது.

“எந்திரிக்காமயா? தப்பு கேட்டு நான் படுத்துக் கெடந்ததே இல்லீங்களே. பெரட்டுக்குப் பிந்துனா அரைப்பேருதாங்க போடுவாங்க” என்றாள். அரை நாள் சம்பளம் போய்விடும் என்று பொருள். பிறகு பிள்ளையைப் பார்த்துவிட்டு, “சரிங்க. நீங்களே பாத்துக்குங்க” என்றாள். வெல்லப்போகிறவளின் குரல் அது.

புதன்கிழமை, காலை ஐந்தரை. லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்டில், நானும் டிஸ்பென்சரும் நின்றோம். கதவு திறந்திருந்தது. உள்ளே ஆயா குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு பலகையைச் சேர்த்து அடித்த ஒரே படுக்கையில் அஞ்சலையும் பவளமும். அஞ்சலை பிள்ளையின் பக்கம் திரும்பி, கண்களைத் திறந்தபடி படுத்திருந்தாள்.

தப்பு முழங்கியது. பத்தடி தூரத்தில் நின்ற என் நெஞ்சுக்குள் அடித்த மாதிரி இருந்தது. பக்கத்து அறைகளில் இருமல், பாத்திரச் சத்தம், ஒரு கைக்குழந்தையின் வீறிடல். அஞ்சலை அசையவில்லை. அவள் கால் விரல்கள் மட்டும் பலகை விளிம்பை இறுகப் பற்றியிருந்தன. பழக்கம் அவளை இழுத்துத் தள்ளுகிறது, அவள் பிடித்து நிறுத்துகிறாள். தப்பு இரண்டாம் முறையும் முழங்கி ஓய்ந்தது.

பவளம் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாளோ, அஞ்சலை கடைசியில் எழுந்து காலைத் தரையில் வைத்தாள். பலகை கிறீச்சிட்டு ஒரு பக்கம் உயர்ந்து தாழ்ந்தது. பவளம் உடனே கண் விழித்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“நாந்தானாங்க?” என்றாள் அஞ்சலை, யாரைப் பார்த்தும் சொல்லாமல். “இத்தினி நாளும் நாந்தானா இவள எழுப்பிக்கிட்டு இருந்தேன்?”

ஆயா விளக்கைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் சொன்னது சரியாகிவிட்டது. அதுபோல நான் வெறுத்த வெற்றி என் வாழ்க்கையில் வேறில்லை.

காலை ஏழு மணி. டிஸ்பென்சரியின் வாசலில் உட்கார்ந்து அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் இடமிருக்கிறது, செலவு கிடையாது, திங்கட்கிழமைக்குள் கூட்டிவர வேண்டும். அதுவரை பிள்ளையோடு பேசும்போது வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று பேசுங்கள், அவள் கையை எடுத்து உங்கள் தொண்டையில் வைத்துப் பேசுங்கள் என்று செய்து காட்டினேன். பவளம் என் தொண்டையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு தன் தொண்டையில் வைத்துப் பார்த்தாள். இன்னும் காலம் போய்விடவில்லை என்று மனம் துள்ளியது.

அஞ்சலை ஒரு கேள்வி கேட்டாள்.

“அங்க விட்டுட்டு நான் கெளம்புறப்போ, அம்மா திரும்ப வருவேன்னு இவளுக்கு எப்புடிங்க சார் சொல்றது?”

இந்த மலைகளில் பக்கத்திலேயே ஒரு வகுப்பு இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. நாலு வயதில் தாயைப் பிரித்துத்தான் பேச்சைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பழகிவிடுவாள் என்று மட்டும் சொன்னேன். எல்லாப் பெற்றோருக்கும் நான் சொல்லும் பதில்தான் அது.

“கொண்டாந்துர்றேங்க” என்றாள்.

எட்டரை மணி பஸ்ஸில் கிளம்பினேன். ஜன்னலிலிருந்து பார்த்தபோது தாயும் மகளும் பாதையோரத்தில் நின்றார்கள். அஞ்சலை பிள்ளையின் கையைத் தன் தொண்டையில் வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை. செவ்வாயும் புதனும் கெஞ்சிக் கேட்டு இடத்தை வைத்திருந்தேன். வியாழக்கிழமை காலி நகரத்திலிருந்து ஒரு சிறுவன் தகப்பனோடு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தான். அவனை வெறுக்க முடியுமா? அவனுக்கும் அதே வயது.

அதற்கடுத்த வாரம் டிஸ்பென்சரின் கடிதம் வந்தது: “மாஸ்டர், நானும் ஆயாவும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அஞ்சலை மாட்டேன் என்று சொல்லவில்லை. தினமும் காலையில் தப்பு அடித்து முடியும்வரை அசையாமல் படுத்துக்கொண்டு பிள்ளையின் முகத்தையே பார்க்கிறாள். பெரட்டுக்குப் பிந்துகிறாள், இந்த மாதம் பாதி நாளும் அரைப்பேர். கேட்டால், ‘இன்னும் ஒரே ஒரு நாள் பாத்துர்றேங்க’ என்கிறாள்.”

சோதிக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தவன் நான். டிசம்பரிலேயே போயிருந்தால், அவள் இப்படி ஒவ்வொரு காலையும் கிடந்து பார்த்து மனம் தேற எட்டு மாதம் மிச்சம் இருந்திருக்கும்.

அந்த மாதக் கடைசியில் இரண்டு நாள் விடுப்பில் பதுளைக்கு வந்தேன். அதிகாலையில் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. எழுந்து தொழப் போக வேண்டியவன், மகளின் பக்கம் திரும்பி, அசையாமல் படுத்துக் கிடந்தேன். பாங்கு முடிவதற்குள் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு விழித்து, “வாப்பா, எழும்பல்லியா?” என்று கேட்டாள்.