குருநகர் மரியம்மாவுக்கு வந்த குளிசை

அன்று ஆஸ்பத்திரியில், கதிர்வீச்சை எண்ணும் கவுண்டர் மெசின் வைத்த அறையில் இருந்தவர்கள்: டொக்டர். மெசினைப் பார்க்கும் மிஸ். குருநகர் மரியம்மா; கழுத்தின் வலப் பக்கத்தில் தேசிக்காய் அளவு கட்டி. அவரின் புருஷன் சூசை, கடற்றொழில். ஈயக் குடுவையோடு நான், அற்றென்டன்.

குடுவைக்குள் ஒரு குளிசை. கதிர் வீசும் அயடீன். கொழும்பிலிருந்து நான்தான் கொண்டுவந்தேன். சண்டைக் காலம்; வழியில் ஆமி முகாமில் திறக்கச் சொன்னார்கள். திறந்தால் உங்களுக்கும் கேடு என்றேன். தள்ளி நின்றார்கள்.

கட்டி புற்றா, அழற்சியா என்று பார்க்க வேண்டும். கழுத்துச் சுரப்பி அயடீனை இழுக்கும். குளிசை கொடுத்து, மறுநாள் கவுண்டரைக் கழுத்துக்கு நேரே பிடித்தால் எவ்வளவு இழுத்தது என்று எண் விழும். இரண்டு பக்கமும் குறைந்தால் அழற்சி, மருந்தோடு போகும். கட்டிப் பக்கம் மட்டும் குறைந்தால் புற்றுக்குப் பயம். கத்திதான்.

மிஸ் மரியம்மாவைக் கேட்டா: "கழுத்துக்கு மருந்து ஏதும் பூசினனீங்களோ?"

"ஒண்டும் பூசேல்லை மிஸ்."

குறட்டால் குளிசையை எடுத்தேன். தண்ணீரை வாங்கிக்கொண்டு மரியம்மா குளிசையைப் பார்த்தார்.

"கசக்குமோ அண்ணை?"

சூசை சிரித்தார். "ஒவ்வொரு நாளும் கழுத்திலை அயடீன் எரியேக்கை கத்தாதவள், உதுக்குப் பயப்பிடுறாள்."

"அண்ணை, குளிசையைத் திருப்பி வையுங்கோ!" டொக்டர் கத்திவிட்டார். வைத்து மூடினேன்.

"மருந்து பூசேல்லை எண்டனீங்கள்?"

"அது மருந்தில்லை டொக்டர். வள்ளத்திலை கிடக்கிற போத்தில். கை வெட்டினால் பூசுறது" என்றார் சூசை.

"உவர் விட்டால் வலைக்கும் பூசுவார்" என்றார் மரியம்மா.

பூசிய அயடீனே தோலால் ஊறிச் சுரப்பியை நிரப்பிவிடும். பிறகு குளிசையை இழுக்காது. இரண்டு பக்கமும் குறையும். அழற்சி என்று வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

"பூசினது உடம்பை விட்டுப் போக இனி ஆறு கிழமை, ஒண்டரை மாதம் பொறுக்கவேணும். உந்தக் குளிசையின்ரை கதிர் அதுக்கிடையிலை செத்துப்போம்" என்றார் டொக்டர்.

"மற்றது எப்ப வரும்?" என்று கேட்டார் சூசை.

"பாதை திறந்திருந்தால்."

அதன் பிறகு நாங்கள் மருந்து பூசினீர்களா என்று கேட்பதில்லை. கழுத்தில் என்னென்ன பட்டது என்று கேட்போம். இந்த வேலைக்கு வருகிறவர்களும் அப்படியே கேளுங்கள்.

ஆறு கிழமை கழிய, பாதை திறந்திருந்தது. மற்றக் குளிசையையும் நானே கொண்டுவந்தேன். ஒரு சொட்டும் பூசவில்லை என்று சூசை மாதா மேல் சத்தியம் பண்ணினார். மரியம்மா விழுங்கினார். மறுநாள் மிஸ் கவுண்டரைப் பிடித்தா. சூசை சுவரைப் பார்த்து நின்றார்.

இடப் பக்கம், 412.

கட்டி, 37.