மஞ்சள் தவளை

எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தில் ஒரு ரப்பர் தவளை தொங்குகிறது. விரால் மீனை ஏமாற்றுவதற்கென்று செய்த பொய்த்தவளை. ஒரு காலத்தில் அது மஞ்சள். இப்போது என்ன நிறமென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதைத் தொடும்போதெல்லாம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஏரியும், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடக்கும் மலையும், பேசாமல் நிற்கும் என் மச்சானும் வந்துவிடுகிறார்கள்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எங்களுடையது காதல் திருமணம் என்பதால் அவர் எங்கள் வாசலை மிதித்ததில்லை. ஆனால் தூண்டில் பைத்தியம் இருவருக்கும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இருவரும் அதே ஏரிக்கரையில்தான். முதலில் ஆளுக்கொரு மூலை. மீன் இருக்கும் இடத்தில்தானே நின்றாக வேண்டும்? கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்துவிட்டோம். ஒரு நாள் நான் வெள்ளைத் தவளையை வீசி வீசிச் சலித்தபோது, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்: "தண்ணி கலங்கலா கீது. கறுப்பு போடணும்." என்னிடம்தான் சொன்னார். மாப்ள என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. கறுப்பைப் போட்டேன், விரால் அடித்தது.

அதன்பிறகு எங்களுக்குள் கலர் பேச்சு மட்டும். தெளிந்த தண்ணீருக்குப் பச்சை, மூட்டமான வானத்துக்குக் கறுப்பு. எதையும் கட்டுவதற்கு முன் வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்ப்பார். மீன் கீழேயிருந்து அப்படித்தானே பார்க்கும். நான் அவசரமாக இழுத்தால் அவருக்குப் பொறுக்காது. "தாமர எல மேல இழுத்துனு வந்து சந்துல நிறுத்தணும். அதுவா வரட்டும்."

எனக்கோ பொறுமை கம்மி. மகளுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் வராவிட்டால் காதே குத்த வேண்டாம் என்று மனைவி அழுதாள். அந்த ஞாயிறு அவரிடம் கேட்டேவிட்டேன். அவர் நூலைச் சுற்றிக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது.

மறு ஞாயிறு எனக்கு முன்பே வந்திருந்தார். தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது. பச்சையைக் கட்டுவார் என்று பார்த்தால், பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தவளையாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மஞ்சளை வானத்துக்கு நேரே பிடித்தார். இந்தத் தண்ணீருக்கு மஞ்சளா என்று நினைத்தபடி நான் தூண்டிலை வீசினேன்.

"மாப்ள, பாப்பா நெறத்துக்கு மஞ்ச எடுப்பா இருக்குமா? பாவாட எடுக்கணும்."

அந்த நேரம் பார்த்து விரால் அடித்தது. எனக்கு இழுக்கக் கை வரவில்லை. "மீன் போவுது பாருங்க" என்றார். போகட்டும் என்றேன். கிளம்பும்போது, பாப்பா விளையாட என்று அந்த மஞ்சள் தவளையைக் கொக்கியோடு என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கொக்கியை நான்தான் வெட்டி எடுத்தேன்.

மகள் மஞ்சள் பாவாடையில் அவர் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதாள். பாவாடை எப்போதோ சின்னதாகிவிட்டது. மச்சானும் போன மழைக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். வெளியே கிளம்பும்போது மகள் சாவிக்கொத்தைத் தூக்கித் தவளையை ஆட்டுகிறாள். நான் இன்னும் ஏரிக்குப் போகிறேன். தண்ணீரைப் பார்த்ததும் எந்தக் கலர் என்று தெரிந்துவிடுகிறது. மாப்ள என்று கூப்பிடத்தான் பக்கத்தில் ஆளில்லை.