தஞ்சாவூரில் ஒரு மாத நாவலைத் தேடி

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழே காலுக்குத் திருச்சியில் தஞ்சாவூர் பேருந்து ஏறினேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் பயணம். செங்கிப்பட்டியில் அறுவடை இயந்திரம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு போனதால் இருபது நிமிடம் தாமதம்.

போகும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கோமதி, கல்யாணமான மூன்றாம் வருடம் ஒரு துப்பறியும் நாவல் எழுதினாள். பெட்டிக்கடைகளில் கிளிப் மாட்டித் தொங்குமே, சாணித்தாளில் தொண்ணூற்றாறு பக்கம், அந்த வகை மாத நாவல். பெயர் ‘மதகடியில் ஒரு சாட்சி’. ரேவதிப்ரியா என்ற புனைபெயரில் வந்தது. கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த நான் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் அவள் எழுதவில்லை. வீடு மாறியபோது இருந்த ஒரு பிரதியும் தொலைந்தது. நான்கு வருடத்துக்கு முன் அவளும் போய்விட்டாள். அதன்பிறகுதான் தேட ஆரம்பித்தேன். பழைய மாத நாவல் ரசிகர்கள் தஞ்சாவூரில் கூடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பார்த்ததும் கிளம்பிவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் புதிய பேருந்து நிலையம். மருத்துவக் கல்லூரி சாலை மண்டபத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய்.

“கல்யாணமா சார்?” என்றார் ஓட்டுநர்.

“பழைய துப்பறியும் நாவல் படிக்கிறவங்க கூட்டம்.”

“அதுக்கெல்லாமா கூட்டம் போடுறாங்க? எங்கப்பா சலூன்ல உக்காந்து அதைத்தான் படிப்பாரு. முடி வெட்டி முடிச்சாலும் எந்திரிக்க மாட்டாரு.”

மண்டபத்தில் எழுபது பேர் இருக்கலாம். “போன வருஷம் ஏன் வரல?” என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். என்னிடம் கேட்க ஆளில்லை. மேசைகளில் பிளாஸ்டிக் உறைக்குள் நாவல்கள். அட்டைகளில் துப்பாக்கி, ரத்தம், நீலக் கார். ஏழு மேசைகளில் விசாரித்தேன். “ரேவதிப்ரியாவா? ஒரே ஒரு புக்தான் வந்துச்சு. கிடைக்கிறது கஷ்டம் சார்” என்றார் ஒருவர்.

எட்டாவது மேசையில் செல்வி. வலங்கைமான்காரர், நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை. மேசையிலிருந்து அல்ல, தன் கைப்பையிலிருந்து அந்த நாவலை எடுத்தார்.

“இது விக்கிறதுக்கு இல்லீங்க.”

“படிச்சுட்டுத் தரட்டுமா?”

கொஞ்சம் யோசித்தார். “இங்கயே உக்காந்து படிங்க. மெதுவா புரட்டுங்க, தாள் உடையுது.”

பதினொரு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வாய்க்காலுக்குக் குளிக்கப் போகும் ஒருத்தி, மதகுக்குள் பிணத்தைத் தள்ளுகிற கைகளைப் பார்த்துவிடுகிறாள். வீட்டுக்கு ஓடிவந்து கணவனிடம் சொல்கிறாள். அவன் வாத்தியார். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் “ம்” என்கிறான். தொண்ணூற்றாறு பக்கத்திலும் அவன் பேசும் வசனம் அது மட்டும்தான். அவள் தனியாகவே காவல் நிலையம் போகிறாள். ‘வீட்டுக்காரரிடம் சொல்லவில்லையா?’ என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். ‘அவர் படிச்சுக்கிட்டிருந்தாருங்க’ என்கிறாள்.

ஒன்றரை மணிக்குச் செல்வி எனக்கும் ஒரு தட்டில் தக்காளி சாதம் கொண்டுவந்தார்.

“என்னங்க, கண்ணு கலங்கியிருக்கு? இதுல அழுற மாதிரி ஒண்ணும் இல்லையே.”

“எழுதினது என் மனைவிங்க.”

அப்படியே உட்கார்ந்துவிட்டார். “எங்க இருக்காங்க அவங்க?”

சொன்னேன். தட்டைக் கீழே வைத்தார்.

“நான் இதைப் பதினோரு தடவை படிச்சிருக்கேன். எங்க நெலத்துல ஒருத்தன் வேலி போட்டுட்டான். கேஸ் குடுக்கப் பயம். இதைப் படிச்சுட்டுத்தான் தனியா ஸ்டேஷனுக்குப் போனேன்.” புத்தகத்தைக் காட்டிச் சொன்னார்: “அந்த வாத்தியார் மேலதான் ஆத்திரம். இவ்வளவு தைரியமான பொம்பளைகிட்ட ஒரு வார்த்தை பேசுனா என்ன?”

“அந்த வாத்தியார் நான்தாங்க.”

மேடையில் யாரோ பேச, எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு செல்வி புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க எடுத்துக்கங்க.”

“வேண்டாங்க. பதினோரு தடவை படிச்சவங்ககிட்டயே இருக்கட்டும்.”

“அப்ப அவங்க சொந்தப் பேரைச் சொல்லுங்க.”

முதல் பக்கத்தில் ரேவதிப்ரியாவுக்குக் கீழே, தாள் கிழியாதபடி பென்சிலால் மெல்ல எழுதினார்: கோமதி.

நான்கு மணிக்குத் திரும்பும் பேருந்து. வல்லம் தாண்டியதும் முன் இருக்கைக்காரர் வீட்டுக்கு போன் போட்டு, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்றார். எனக்கும் யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது. கொலைகாரன் யாரென்று கடைசிப் பக்கம்வரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைச் சொல்லியிருந்தால் கோமதி அன்று முழுக்கச் சிரித்திருப்பாள்.