ஒரு விரல் தப்பு

என் கடைக்கு மேல் மாடியில் இருப்பவரைத் தெருவே கிளிக்காரர் என்றுதான் கூப்பிடும். அவர் ஒரு கிளியும் வளர்த்ததில்லை. மற்றவர்கள் வளர்க்கும் பறவைகளைப் படம் வரைந்து கொடுப்பார், அவ்வளவுதான். போட்டோவைக் கொடுத்தால் போதும், கூண்டுக் கம்பியை எடுத்துவிட்டுப் பூத்துக் குலுங்கும் கிளை ஒன்றில் உட்காரவைத்துவிடுவார். பூவெல்லாம் எங்கள் தெருமுனை மரத்துப் பூ. வசந்தத்தில் இலை வருவதற்கு முன்பே இளஞ்சிவப்பாகப் பூத்துப் பத்தே நாளில் கொட்டிவிடும். அந்தப் பத்து நாளும் மனுஷன் ஜன்னலை விட்டு நகரமாட்டார்.

நான் கீழே படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். இருபத்தாறு வருஷமாக மூலை பிசகாமல் வெட்டுகிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அதனால்தான் அவருடைய தப்புகள் என் கண்ணை உறுத்தின. படத்துக்கு ஒன்று நிச்சயம். ஒன்றில் வால் குட்டை, இன்னொன்றில் கண்ணைச் சுற்றி வளையம் இல்லை. வாங்கிப் போனவர்கள் இரண்டே நாளில் திரும்பி வருவார்கள். மாடிப்படி செங்குத்து என்று பஞ்சாயத்தெல்லாம் என் கடையில்தான் நடக்கும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, பறவை என்ன தின்னும், யாரைக் கண்டால் கத்தும் என்று ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். என் கடை என்ன ரயில்வே வெயிட்டிங் ரூமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். பூவில் ஒரு இதழ்கூடப் பிசகாதவர், பறவையில் மட்டும் எப்படித் தவறாமல் கோட்டை விடுகிறீர்கள் என்று.

அவர் விரலில் ஒட்டியிருந்த பச்சையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"படம் சரியா இருந்தா வாங்கிட்டுப் போயிடறாங்க தம்பி," என்றார்.

அவர் மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். மகள் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டீங்களா என்பாள், இவர் சாப்பிட்டேன் என்பார், நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும், சட்டத்தின் அளவைத் தவிர நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. அன்றும் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இந்த வருஷம் மரம் பூத்த சமயத்தில் நர்ஸம்மா வந்தார். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், தனியாக இருப்பவர். அவர் வளர்த்த பச்சை லவ் பேர்டும் ஒற்றைதான். முதல் தடவை கிளிக்காரர் அதன் மூக்குக்கு மேல் நீலம் தீட்டியிருந்தார். பெட்டைக்கு அங்கே பழுப்பு இருக்க வேண்டும்.

"எங்க வீட்டுப் பொண்ணை ஆம்பளையாக்கிட்டீங்களே சார்," என்று நர்ஸம்மா சிரித்தார்.

அடுத்த தடவை கழுத்தில் ஆறு புள்ளிக்கு ஐந்துதான் இருந்தது. அதற்கடுத்து இறக்கையில் ஒரு கோடு குறைந்தது. அவர் வரும் நாளில் கிளிக்காரர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் இறங்கி வருவார். மாப்பிள்ளை ரெடி என்று நான் கிண்டல் செய்தால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

கடைசியில் கால்விரல். லவ் பேர்டுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இவர் காக்காய்க்கு இருப்பதுபோல முன்னால் மூன்று வரைந்திருந்தார். நான் வாயைத் திறக்காமல் சட்டம் போட்டேன். நர்ஸம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அவர் பார்வை கால்களின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சனிக்கிழமை ரயிலில் மகன் வீட்டுக்கே போய்விடுகிறாராம். பேத்திக்கு மூச்சிழுப்பு, பறவை ஒத்துக்கொள்ளாது என்று அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாராம்.

கிளிக்காரர் படத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு விரல் தப்பா இருக்கு சிஸ்டர். ரெண்டு நாள் குடுங்க, திருத்தித் தர்றேன்."

அவர் தன் தப்பைத் தானே சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தெரியும் சார். முன்னாடி வேணும்னே விட்டதெல்லாமும் தெரியும்," என்றார் நர்ஸம்மா. "இது இப்படியே இருக்கட்டும். திருத்த வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்குன்னு நெனச்சுக்கறேன்."

அவர் போன பிறகும் கிளிக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அந்த வாரமே பூவும் கொட்டிவிட்டது.

அப்புறம் அவரிடமிருந்து மூன்று படங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் தேடினேன். விரல் சரி, வால் சரி, புள்ளி சரி. வாங்கியவர்கள் நன்றி சொல்லிப் போனார்கள், ஒருவரும் திரும்பி வரவில்லை. அவரும் படத்தை மேஜையில் வைத்த கையோடு படியேறிவிடுவார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஆனால் ஆறுதலாக நாலு வார்த்தை பேச வராத ஜென்மம் நான்.

நேற்று நாலாவது படத்துக்குச் சட்டம் வெட்டும்போது பிளேடை ஒரு நூல் தள்ளி வைத்தேன். கை கேட்கவே மாட்டேன் என்றது. ஒருவழியாக மேல் மூலையில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, நானே கொண்டுபோய் அவர் கதவருகில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

இன்று கடை திறந்ததும் படியில் செருப்புச் சத்தம்.

"மூலை சேரலையே தம்பி," என்றார். "உன் கைக்கு இப்படி வராதே."

அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நேரமாகும் அண்ணே, உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

உட்கார்ந்தார். டீக்குச் சொல்லிவிட்டு வந்து எதிரே நானும் உட்கார்ந்தேன். சட்டத்தின் அளவைத் தவிர இவரிடம் வேறென்ன கேட்பது என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினேன்.